வலது பக்கக் கைப்பிடி

முப்பத்தோரு வருஷம் அடுத்தவர் தைத்த சட்டையில் குறை கண்டுபிடித்தே சம்பளம் வாங்கியவள் அவள். சீருடை தைக்கிற தொழிற்சாலையில் செக்கிங் பிரிவு. நீளமான மேஜை, தலைக்கு மேலே இரண்டு டியூப்லைட், கைக்கு எட்டும் தூரத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் உருளை. சட்டை வந்ததும் காலர், பட்டன் துளை, கை இணைப்பு, கீழ் மடிப்பு என்று விரல் ஒரு சுற்று ஓடி வரும். ஒரு தையல் தாண்டியிருந்தாலும் அந்த இடத்தில் அம்பை ஒட்டி, தைத்தவள் பக்கமே தள்ளிவிடுவாள். சரியாக இருந்தால் சீட்டில் ஒரு டிக். பார்க்காத சட்டைக்கு அவள் டிக் போட்டதாக யாரும் சொன்னதில்லை. நேரில் எல்லோருக்கும் அவள் செக்கிங் அக்கா. முதுகுக்குப் பின்னால் தையல்காரிகள் வேறு பெயர் வைத்திருந்தார்கள், அதுவும் அவளுக்குத் தெரியும்.

வேலையை விட்டு வந்தபோது பாதி தீர்ந்த ஸ்டிக்கர் உருளை ஒன்று பையோடு வந்துவிட்டது. மருந்து பாட்டில், கேஸ் குழாய், எலி கடித்த அலமாரி மூலை என்று வீட்டில் கவனிக்க வேண்டிய இடத்திலெல்லாம் அம்பு இருக்கும்.

புருஷன் லிஃப்ட் மெக்கானிக். "ஊர்ல பாதிப் பேரை மேல அனுப்பினவன் நான்" என்பது கல்யாணமான நாளிலிருந்து அவர் சொல்லிவந்த ஒரே ஜோக். "திரும்பி வந்தாங்களா?" என்று அவளும் முப்பத்தாறு வருஷமாகக் கேட்டுவந்தாள். அந்த இரண்டு வரியைத் தாண்டி அவர்களுக்குள் பேச்சு அதிகம் கிடையாது. வேலையிலிருந்து வருவார், கிரீஸ் போகக் கை கழுவுவார், டீ குடிப்பார், செய்தித்தாளை விரித்துக்கொண்டு தூங்கிப்போவார். கெட்டவர் இல்லை. வீட்டில் பேச ஒன்றும் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

ஒருநாள் காலை சவரம் செய்யும்போது ரேஸர் கை நழுவி விழுந்தது. ரேஸரைத் திட்டிக்கொண்டே எடுத்தார். மறுபடி விழுந்தது. கண்ணாடியில் அவர் வாய் ஒரு பக்கமாக இழுத்திருப்பதை அவள் பார்த்தாள். குறையைக் கண்டால் காத்திருக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. நுரையைக்கூடத் துடைக்காமல் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். அதனால்தான் உயிர் தப்பியது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மூன்று வாரம் கழித்து அவர் வீட்டுக்கு வந்தார். வலது காலை இழுத்துக்கொண்டு நான்கடி நடந்தார். வலது கை சுருட்டிவைத்த காலுறை மாதிரி மார்போடு கிடந்தது. பேச்சில் மிச்சமிருந்தவை நாலே வார்த்தை: மெல்ல, வேணாம், சே, சரி சரி.

பயிற்சி கொடுக்க வாரத்தில் மூன்று நாள் ஒரு தெரபிஸ்ட் பெண் வந்தாள். ஒரு நாளைக்குப் பதினோரு வீடு ஏறி இறங்குகிறவள், உட்காரவே மாட்டாள். முதல் நாளே ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாளை ஒட்டினாள். காலையில் ஏழு பயிற்சி, மதியம் ஏழு பயிற்சி, ஒவ்வொன்றும் பத்து தடவை. செய்து முடித்ததும் கட்டத்தில் டிக் போட வேண்டும்.

"அம்மா, முதல் ஆறு மாசம்தான் முக்கியம். அதுக்குள்ள கை எவ்வளவு வருதோ, நிறைய பேருக்கு அவ்வளவுதான். நான் வராத நேரத்துல நீங்கதான் நான்."

"டிக் போடறது எனக்குப் புதுசு இல்லம்மா" என்றாள் செக்கிங் அக்கா.

காலைப் பயிற்சி ஒழுங்காக நடந்தது. மதியம்தான் போர். சாப்பிட்டு முடித்துக் கையைத் தொட்டாலே அவர் பல்லைக் கடிப்பார். இறுகிய தசையை நீட்டினால் வலிக்கத்தான் செய்யும். வலிக்கிறவருக்கு அது நல்லதற்கு என்பது நினைவிருக்காது, பிடித்து இழுக்கிற ஆள்தான் கண்ணுக்குத் தெரியும். இடது கையில் அவருக்குப் பலம் குறையவில்லை. கேபிள் இழுத்த கை. இரண்டாவது மாதம் ஒருநாள் அது அவள் தாடையில் வந்து இறங்கியது.

அந்த வாரம்தான் மகளிடமிருந்து பார்சல் வந்திருந்தது. மகள் விமானம் ஏறிப் போகிற தூரத்தில் இருந்தாள். எதையும் ஒழுங்குபடுத்திச் செய்கிறவள். ஞாயிறு தவறாமல் வீடியோவில் பேசிவிட்டு, உறவினர் எல்லோரும் இருக்கிற குடும்பக் குழுவில் 'இந்த வாரம்' என்று தலைப்பிட்டு ஒரு செய்தி போடுவாள். அப்பா: இன்று எட்டு அடி நடந்தார். தம்பி: கிடங்கில் சூப்பர்வைசர் ஆகிவிட்டான். என் பையன்: மேல் பல் இரண்டு விழுந்தது. கடைசி வரி எப்போதும் ஒன்றே. அம்மா: வழக்கம்போல.

பார்சலில் இருந்தது கைக்குள் அடங்குகிற ஒரு விளையாட்டுப் பெட்டி. வெளிர் நீலம், நாலு பிஸ்கட்டை அடுக்கிவைத்த கனம். கறுப்பு வெள்ளையில் சின்னத் திரை. பட்டன் இரண்டுதான். வேடிக்கை என்னவென்றால், வலது விலாவில் மடக்கி வைத்த ஒரு குட்டிக் கைப்பிடி இருந்தது. நிமிர்த்திச் சுழற்றினால் திரையில் இருப்பது நகரும். தையல் மிஷின் பாபினில் நூல் சுற்றுகிற மாதிரி இருக்கிறதே என்று நினைத்தாள் அவள்.

"அப்பாவுக்குன்னே தேடிப் புடிச்சேன்மா" என்றாள் மகள் வீடியோவில். "கைப்பிடி வலது பக்கம் இருக்கு பாத்தியா? அந்தக் கையாலதான் சுத்தணும். உள்ள என்ன விளையாட்டு தெரியுமா? லிஃப்ட்! அப்பாவோட லிஃப்ட்! நான் இங்கேயே எல்லாம் செட் பண்ணித்தான் அனுப்பியிருக்கேன். நீ ஒண்ணும் பண்ண வேணாம்."

கைப்பிடி எதுவென்று அவருக்குத் தெரியட்டுமென்று அவள் ஒரு சிவப்பு அம்பை ஒட்டினாள். விரல்களை ஒவ்வொன்றாக எடுத்து அதன் மேல் வளைத்து வைத்தாள். விரல் நழுவியது. மூன்று நாள் முயற்சி செய்தார்கள். நாலாம் நாள் அவர் இடது கையால் பெட்டியைத் தள்ளிவிட்டார். "சே." அது ஃபிரிட்ஜின் தலைக்குப் போனது.

தாடையில் அடி விழுந்த மதியம் அவள் ஐஸ் எடுக்கப் போனாள். கதவில் ஏழு கட்டம் காலியாக இருந்தது. மேலே பெட்டி. ஐஸைத் துணியில் சுற்றித் தாடையில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் பெட்டியை எடுத்துவந்து கட்டிலோரம் உட்கார்ந்தாள். ஐஸ் கரைந்து முடியும்வரை வேறு வேலை இல்லை. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு தூங்குவதாக நடித்தார்.

திரையில் ஒன்பது மாடிக் கட்டடம். நடுவில் லிஃப்ட். ஒவ்வொரு மாடியிலும் ஒருத்தர் நிற்பார், தலைக்கு மேல் போக வேண்டிய மாடியின் எண். கைப்பிடியை முன்னால் சுற்றினால் லிஃப்ட் ஏறும், பின்னால் சுற்றினால் இறங்கும். இவ்வளவுதானா என்று ஐஸைக் கீழே வைத்துவிட்டு வேகமாகச் சுற்றினாள். தொப்பி வைத்த வாத்து ஒன்று உள்ளே வந்தது. ஏழாம் மாடிக்கு அரை முழம் மேலே போய் நிறுத்தினாள். வாத்து கதவைத் திறந்து வெளியே கால் வைத்து, குப்புற விழுந்து, தொப்பியைப் பொறுக்கிக்கொண்டு இவளை முறைத்தது.

"ஐயையோ" என்றாள்.

"மெல்ல" என்று பக்கத்தில் குரல் கேட்டது.

அவர் முகத்தைத் திருப்பியிருந்தார். கண் திரையில் இருந்தது. இடது கையைத் தூக்கி, உள்ளங்கையைக் கவிழ்த்து, காற்றில் எதையோ அழுத்துகிற மாதிரி மிக மெதுவாகக் கீழே இறக்கிக் காட்டினார். கடைசி அரை அடியில் கை கிட்டத்தட்ட நின்றே போய், பிறகு அமர்ந்தது. அவள் அதே போலச் சுற்றினாள். லிஃப்ட் மாடியோடு மாடியாக நின்றது. பியானோ தூக்கிய குண்டு மனிதர் இறங்கி வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்.

"சரி சரி" என்றார் அவர். முகத்தின் பாதி சிரித்தது.

அன்றிலிருந்து மதியம் அதற்கென்று ஆனது. அவருக்கு நன்றாகத் தெரிகிற இடது பக்கமாக அவள் உட்காருவாள், திரையைச் சாய்த்துப் பிடிப்பாள். அவர் கண், அவள் கை. வாத்தை ஏற்றும் முன் குண்டு மனிதரை இறக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் பியானோ வாத்தின் மேல் சாயும். மூன்றாம் மாடிப் பாட்டியம்மா லிஃப்டுக்குள் ஏறினாலே மனம் மாறி வேறு மாடி கேட்பாள். "இவ ஒருத்தி, முதல்லயே சொல்லித் தொலைக்க மாட்டா" என்று செக்கிங் அக்கா திட்டுவாள். அவர் தோள் குலுங்கச் சிரிப்பார். திரையில் கயிறு அறுந்து லிஃப்ட் விழுந்தால் அவர் பட்ட கோபம் உண்மையான கோபம். முப்பத்தாறு வருஷமாக அவர் என்ன வேலை பார்த்தார் என்பது அவளுக்கு அந்த மதியங்களில்தான் புரிந்தது. கதவு திறக்கும்போது யாரும் தடுக்கி விழக்கூடாது. அதுதான் வேலை.

"ஊர்ல பாதிப் பேரை மேல அனுப்பிட்டேன்" என்றாள் ஒருநாள், குண்டு மனிதரை ஒன்பதாம் மாடியில் இறக்கிவிட்டு. அவர் வாயைத் திறந்தார். 'திரும்பி வந்தாங்களா' என்பது உள்ளே எங்கேயோ நின்றுவிட்டது, வெளியே வரவில்லை. "சரி சரி" என்றார். அதுவே போதுமாக இருந்தது.

அறுபது வயதில் அவள் விளையாடிய முதல் விளையாட்டு அது. சின்ன வயதில் தம்பிகளைப் பார்த்துக்கொண்டாள், அப்புறம் மேஜை, அப்புறம் பிள்ளைகள். பாத்திரம் கழுவும்போதே விரல் சுற்ற ஆரம்பித்துவிடும்.

பயிற்சித் தாள் விஷயம் இப்படி நடந்தது. முதல் நாள் ஏழு கட்டமும் காலி. மறுநாள் காலை தெரபிஸ்ட் பெண் வருவாள், கேட்பாள். ஒருநாள்தானே என்று ஏழு டிக் போட்டாள். முப்பத்தோரு வருஷத்தில் போடாத டிக். இரண்டாம் நாள் பேனா கொஞ்சம் யோசித்தது. ஒரு வாரம் போன பிறகு யோசிக்கவில்லை.

தெரபிஸ்ட் பெண் கையை நீட்டிப் பார்த்துவிட்டுத் தாளைப் பார்த்தாள். "விரல் ஒண்ணு சொல்லுது, தாள் ஒண்ணு சொல்லுதேம்மா."

"செஞ்சுக்கிட்டுத்தாம்மா இருக்கோம்."

அந்தப் பெண் கட்டிலில் இருந்தவரைப் பார்த்தாள். அவர் அவசரமாகத் தலையாட்டினார். அவளுக்கு ஐந்தாவது வீடு காத்திருந்தது. போய்விட்டாள்.

அந்த மாதக் கடைசி ஞாயிறு, வீடியோவில் மகளும் மகனும் சேர்ந்தே வந்தார்கள். இருவரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

"அப்பா! பின்னிட்டீங்க!"

"நாலாயிரத்து இருநூறாம்! அனுப்பறதுக்கு முன்னாடி நான் விளையாடிப் பாத்தப்போ ஆயிரம் தாண்டல!"

செக்கிங் அக்காவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மகள்தான் விளக்கினாள். பெட்டி அவள் பெயரில் பதிவானது. விளையாடி முடித்ததும் மதிப்பெண் தானாக அவள் போனுக்குப் போய்விடும். ஊர் உலகத்தில் அதை விளையாடுகிறவர்கள் வரிசையில் 'லிஃப்ட் அப்பா' நாலாம் இடத்தில் இருக்கிறார். "ஒரு நாளைக்கு நாப்பது நிமிஷம் சுத்தறார்மா! அந்தக் கையால!"

அந்த இடத்தில் அவள் வாயைத் திறந்திருக்க வேண்டும். ஒரு வார்த்தை போதும். அவரைப் பார்த்தாள். பிள்ளைகள் அவரை அப்படிப் பார்த்துக் கத்தி எத்தனையோ வருஷம் ஆயிற்று. அவர் முகம் சிவந்து, சிரித்து, திரையைப் பார்த்து "சரி சரி, சரி சரி" என்றார். பிறகு ஓரக்கண்ணால் அவளைப் பார்த்தார். மிட்டாய் திருடிய இரண்டு பிள்ளைகளில் ஒன்று மற்றதைப் பார்க்கிற பார்வை.

அவள் பேசவில்லை. அவர் சந்தோஷத்தைக் கெடுக்க வேண்டாம் என்பது ஒரு காரணம். மறுபடி மதியப் போர் வேண்டாம் என்பது இன்னொன்று. மூன்றாவதை அவள் யாரிடமும் சொன்னதில்லை: சொன்னால் பெட்டியை அவள் கையிலிருந்து எடுத்து அவர் கையில் வைத்துவிடுவார்கள். மூன்றில் பெரியது அதுதான்.

அந்த வாரச் செய்தி: அப்பா: கை வந்துவிட்டது!! லிஃப்ட் விளையாட்டில் நாலாம் இடம். அம்மா: வழக்கம்போல.

மகள் அதோடு நிற்கவில்லை. மதிப்பெண் ஏறுகிற கோட்டைப் படமாக எடுத்து, டிக் நிறைந்த தாளையும் அம்மாவிடம் படம் பிடித்து அனுப்பச் சொல்லி, இரண்டையும் பயிற்சி நிலையத்துக்கு அனுப்பி நன்றி சொன்னாள். அங்கே இருந்த மேலாளருக்குக் கோடும் டிக்கும்தான் தெரியும், கை தெரியாது. வரிசையில் எத்தனையோ பேர் காத்திருக்கிறார்கள் என்று சொல்லி, வாரத்துக்கு மூன்று தடவை வந்தது மாதத்துக்கு ஒரு தடவை ஆனது. தெரபிஸ்ட் பெண்ணை வேறு பகுதிக்கு மாற்றினார்கள். புதிதாக வர வேண்டியவன் முதல் மாதம் வரவில்லை, அடுத்த மாதங்களிலும் வரவில்லை. நாலாம் மாதம் லீவு போட்டு வந்து இரண்டு மாதம் தங்குவதாக இருந்த மகள், "அப்பாதான் தேறிட்டாரே, பையனுக்குப் பரீட்சை முடியட்டும்" என்று தள்ளிவைத்தாள்.

குளிப்பாட்டுவது, இரண்டு மணிக்கொரு தடவை புரட்டிப் படுக்கவைப்பது, முதுகில் புண் வராமல் பார்ப்பது எதிலும் செக்கிங் அக்கா ஒரு நாளும் குறை வைக்கவில்லை. அவர் தோலில் ஒரு சிவப்புத் தடம் கிடையாது. கைதான் ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கொஞ்சமாக மூடியது. கட்டைவிரல் உள்ளே போயிற்று. நகம் உள்ளங்கையில் பதியாமல் இருக்கத் துணியைச் சுருட்டி வைத்தாள். துணி முதலில் கைக்குட்டைப் பருமன் இருந்தது. பிறகு பேனாப் பருமன். ஞாயிறு வீடியோவில் அவர் முகம் மட்டும்தான் தெரியும். பார்த்துக்கொண்டேதான் இருந்தாள். பார்க்கத் தெரிந்தவள்தானே.

ஒன்பதாம் மாதம் மகள் வந்தாள். சூட்கேஸை வாசலிலேயே விட்டுவிட்டு நேரே கட்டிலுக்குப் போனாள்.

"எங்கப்பா அந்த நாலாம் இடத்துக் கை? நேர்ல பாக்கணும்."

விளையாட்டுப் பெட்டியை எடுத்து அவர் வலது கையில் வைக்கப் போனாள். முஷ்டி திறக்கவில்லை. துணியை உருவினாள், விரலைப் பிரிக்கப் பார்த்தாள். அவர் "வேணாம்" என்று அலறினார். பெட்டி தரையில் விழுந்தது.

மகள் குனிந்து எடுக்கவில்லை. "அப்போ யாரு விளையாடினது?"

"நான்தான்."

"நீயா?" மகளுக்கு அது ஏறவே இல்லை. "நீ எதுக்கும்மா?"

"பிடிச்சிருந்துது. விளையாடினேன்."

"அவர் கை போய்க்கிட்டு இருந்திருக்கு. நீ வாத்தைக் கொண்டுபோய் மாடியில விட்டுட்டு இருந்திருக்க!"

கேட்கச் சிரிப்பு வருகிற வாக்கியம். யாரும் சிரிக்கவில்லை.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாலாம் மாசமே வந்திருப்பேன்ல?"

"நீ கேக்கலை."

"ஞாயித்துக்கிழமை தவறாம கேட்டேனே!"

"அப்பாவைக் கேட்ட."

அப்போது கட்டிலிலிருந்து அவர் இடது கையால் தன் மார்பில் தட்டினார். ஒரு தடவை, இரண்டு தடவை. நானும்தான் என்று அர்த்தம். செக்கிங் அக்காவுக்குப் புரிந்தது. மகள் ஓடிப்போய், "நெஞ்சு வலிக்குதாப்பா? நீங்க பேசாம படுங்க. உங்களுக்கு என்ன தெரியும், பாவம்" என்று போர்வையை இழுத்துவிட்டாள். அவர் கையை இறக்கிவிட்டுச் சுவரைப் பார்த்தார். குற்றத்தில் பங்குகூட அவருக்குக் கிடைக்கவில்லை.

மறுநாள் பயிற்சி நிலையத்துக்கு டாக்ஸியில் போனார்கள். பழைய தெரபிஸ்ட் பெண் அன்று அங்கே இருந்தாள். மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள், முழங்கையை நீட்டிப் பார்த்தாள், யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"இனிமே வலி இல்லாம, புண் இல்லாம வச்சுக்கலாம். வேலை செய்யற கையா வராது."

"முன்னாடியே ஒழுங்கா செஞ்சிருந்தா வந்திருக்குமா?" என்று கேட்டாள் மகள்.

"வந்திருக்கும்னும் சொல்ல முடியாது. வந்திருக்காதுன்னும் சொல்ல முடியாது."

திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு எழுந்து வந்திருக்கலாம். இந்தப் பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று செக்கிங் அக்காவுக்குத் தெரியவில்லை. இன்றுவரை தெரியவில்லை.

மகள் பத்து நாள் இருந்தாள். அம்மாவோடு சண்டை போடவில்லை, தேவைக்கு மட்டும் பேசினாள். புறப்படும் காலை, விளையாட்டுப் பெட்டியைத் துடைத்துத் தன் பையில் வைத்தாள்.

"இது இங்க இருக்க வேணாம்மா. பையன் கேட்டுக்கிட்டே இருந்தான்."

"எடுத்துக்கோ" என்றாள் அவள். கைப்பிடிக்குப் பக்கத்தில் ஒட்டிய சிவப்பு அம்பு அப்படியே இருந்தது. பிய்த்தெடுக்கக் கை போயிற்று. வேண்டாமென்று விட்டுவிட்டாள்.

மதியம் நாற்பது நிமிஷம் இப்போது சும்மா கிடந்தது. அந்த நேரத்தில் ஏழு பயிற்சியையும் பத்துப் பத்துத் தடவை செய்தாள். அவர் எதிர்க்கவில்லை. டிக் போடச் சொல்லி யாரும் தாள் தரவில்லை.

ஞாயிறு வந்தது. வீடியோவில் யாரும் வரவில்லை, குழுவில் செய்தி மட்டும் வந்தது. கட்டிலோரம் உட்கார்ந்து அவருக்கு வாசித்துக் காட்டினாள்.

"இந்த வாரம். அப்பா: வலது கை இனி வராதாம், தைரியமாக இருக்கிறார். தம்பி: வீடு மாறுகிறான். என் பையன்: லிஃப்ட் விளையாட்டில் முதல் நாளே முந்நூறு." மூச்சு விட்டுக்கொண்டாள். "அம்மா: வழக்கம்போல."

"சே" என்றார் அவர்.

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு நகவெட்டியை எடுத்தாள். மூடிய கையைத் திறக்க விரலை இழுக்கக்கூடாது. முதலில் மணிக்கட்டைக் கீழே மடக்க வேண்டும், விரல் தானாகக் கொஞ்சம் இளகும். அப்புறம் சுண்டுவிரலில் ஆரம்பித்து ஒவ்வொன்றாக. அவர் கண்ணை அந்தக் கையின் மேல் வைத்திருந்தார், திரையைப் பார்த்த அதே பார்வை.

"மெல்ல" என்றார்.

"மெல்லத்தான் செய்யறேன்" என்றாள். முதல் நகம் துண்டாகித் தரையில் எங்கேயோ போய் விழுந்தது.